மாமி எடுத்த கை

தைல மரத்து வாசம்தான் முதலில் வந்தது. அதன் பின்னால் குளிர். அதற்கும் பின்னால்தான் மரியமலை. கடைசி வளைவில் பஸ் உறுமிக்கொண்டு திரும்பி, மாதா கோயில் கோபுரத்தின் நுனி மட்டும் பனிக்கு மேலே தெரிந்ததும், உள்ளே இருந்த ஊர்ச்சனம் எல்லாம் தூக்கம் கலைந்து மரியே வாழ்க என்று சத்தம் போட்டது. பிரகாசியும் வாயைத் திறந்தாள். சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. நினைப்பெல்லாம் இடது பக்கத்தில் இருந்தது, இறங்கும்போது யாரும் இடித்துவிடக் கூடாதே, கம்பியை வலது கையால் பிடிக்க வேண்டுமே, பையை யாரிடம் கொடுப்பது. இடித்தால் வலிக்கும் என்று இல்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வலிக்காமல் அது பாட்டுக்கு இருக்கிறது, வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயமணி மாதிரி, இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, தொட்டால் நகராமல். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது சோப்போடு வழுக்கிக்கொண்டு போன கை அந்த இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு பெரிய வெள்ளி போனது, பாஸ்கு போனது, ஊர்த் திருவிழா போனது, கை மட்டும் தினமும் அந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறது. ஈயமணி வலையை அடியில் இழுத்துக்கொண்டு போகும், அதுக்குத்தானே அதைக் கோக்கிறது என்று ஒருநாள் மீன் அரிந்துகொண்டிருக்கும்போது நினைப்பு வந்து, அரிவாள்மணையை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் இருக்கிற மகனிடம் சொன்னால் அவனுக்கு அங்கே சோறு இறங்காது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாமென்றால் அது பாவம் இல்லையே, என்னவென்று சொல்வது. மாதாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இந்த வருசமும் ஊர்ப் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தாள். மாதா பொம்பளை. அவளிடம் சொல்ல வெட்கம் என்ன.

“என்ன மதினி, துடுப்பு ஒடிஞ்ச வள்ளம் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சே நடக்கிய?” என்று பின்னாலிருந்து செலஸ்தி கேட்டாள். செலஸ்தி, பிரகாசியின் புருசன் கஸ்பாருக்கு ஒரே தங்கச்சி. கஸ்பார் கண்ணை மூடிய பிறகு இரண்டு பொம்பளைகளும் வருசா வருசம் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு இந்த மலைக்கு வருகிறார்கள். “ஜன்னல் ஓரமா இருந்தேம்லா, காத்தடிச்சு தோளு பிடிச்சுக்கிட்டு” என்றாள் பிரகாசி. “நாந்தான் ஜன்னலை எனக்குக் குடுங்கன்னேனே. எங்கண்ணன் குடுத்துக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கான் உங்கள.” வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள் செலஸ்தி. வளைவிலேயே செருப்பைக் கழற்றி பஸ்ஸில் போட்டுவிட்டு வெறுங்காலோடு கோயில் வரைக்கும் ஏறுவது இவர்கள் ஊர் வழக்கம். தார் ரோடு ஈரமாக, கொடுவா மீனின் வயிறு மாதிரி சில்லென்று இருந்தது. இந்தச் சில்லென்றதை முதல்முதல் மிதித்தபோது பிரகாசிக்குக் கல்யாணமாகி முழுசாக ஒரு வருசம்கூட ஆகவில்லை. ஐயோ என்று குதித்தாள், கஸ்பார் சிரித்தான், அவன் அம்மா, மாமி முறைத்தாள், மாதா மலையில என்ன ஆட்டம் என்று. ஸ்வெட்டர் என்று ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடற்கரைச் சனத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர். கஸ்பார் வள்ளத்துப் பழைய பாய்த்துணியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான், அதில் சாளை வாசம் அடித்தது, அதற்குள்ளேயே அவளையும் இழுத்துக்கொண்டான். பனி அப்போதும் இப்படித்தான் இறங்கியது. முன்னால் போகிற மாமியின் முக்காடு தெரியவில்லை, பக்கத்து மரம் தெரியவில்லை. ஏட்டி, நாம இப்பம் மேகத்துக்குள்ள நிக்கோம், தெரியுதா என்றான். அப்புறம் வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினான், சின்னப்பிள்ளை மாதிரி. ஏட்டி பிரகாசி, உப்பே இல்லட்டி! என்று கத்தினான். கடலில் பனி மூடாப்புப் போடும்போது உதட்டை நக்கினால் கரிக்கும், இது கரிக்கவில்லை, அதுதான் அவனுக்கு அதிசயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நாக்கை நீட்டத் தவறியதில்லை, நரைத்த பிறகும், பல் விழுந்த பிறகும். பிரகாசி இப்போது யாரும் பார்க்காமல் உதட்டை நக்கிக்கொண்டாள். இல்லை. உப்பு இல்லை.

கடலில் எத்தனை அலையிலும் வாந்தி எடுக்காத மனுசன் மலை வளைவில் சுருண்டு விழுந்துவிடுவான். அலை நம்மளத் தூக்கும், இறக்கும், மரியாத தெரிஞ்சது. இது என்ன, சுத்திச் சுத்தி அடிக்கி என்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு புலம்புவான். மாமி முன் சீட்டில் இருந்து திரும்பாமலே செபமாலை சொல்லிக்கொண்டு நடு நடுவே அவனைத் திட்டுவாள். அருள் நிறை மந்திரத்துக்கும் திட்டுக்கும் ஒரே ராகம். மாமிக்கு எல்லாம் ஒரே ராகம்தான். இன்னாசியம்மா என்று பேர், கடற்கரையில் ஏலம் கூறினால் ஆலயமணி மாதிரி கேட்கும். இந்த மலைக்கு வரும்போது ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சீலாக் கருவாடு கொண்டு வருவாள். ஒரு வருசம் பஸ்ஸில் ஒரு கண்ணாடிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் பெட்டியை மேலே ஏத்துங்கம்மா, மனுசன் உக்கார முடியல என்றபோது, மீன் பிடிச்ச பேதுரு அப்போஸ்தலரு பக்கத்துல உக்காந்தாலும் இப்படித்தான் மூக்கப் பொத்துவீரா என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அந்த மனுசனும் கடைசியில் சிரித்துவிட்டு, இறங்கும்போது இரண்டு துண்டு கருவாடு வாங்கிக்கொண்டு போனார். மேலே சந்தையில் ஒரு கேரட்டுக்காரி, மாமியின் பெட்டிக்காக வருசம் பூரா காத்திருப்பாள். கருவாட்டுக்குப் பேரிக்காயும் கேரட்டும். நிறுக்கிறதும் இல்லை எண்ணுகிறதும் இல்லை. ஒருத்தி அள்ளி வைப்பாள், மற்றவள் அள்ளி வைப்பாள், போதும் போதும் என்று இரண்டு பேரும் சத்தம் போடுவார்கள். அந்தப் பேரிக்காயைக் கடித்தால் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும், ஆனால் இனிக்கும். மணல் எப்படி இனிக்கும் என்று யோசித்துக்கொண்டே தின்றது ஞாபகம் இருக்கிறது. மாமி தின்னவில்லை. கடைசியாக வந்த வருசம் மாமி எதையுமே சரியாகத் தின்னவில்லை, பேரிக்காயை மடியில் கட்டிக்கொண்டாள். கடைசி வருசம் என்று அப்போது யாருக்குத் தெரியும். அந்த நினைப்பு வேண்டாம். பிரகாசி அதை அப்படியே விட்டுவிட்டுச் செபமாலையை எடுத்தாள், எந்த மணியில் விட்டோம் என்று தெரியாமல் முதலில் இருந்து தொடங்கினாள்.

கடைத்தெரு வந்துவிட்டது. தைலப் புட்டி, கம்பளிக் குல்லா, வேகவைத்த சோளம், மெழுகுவர்த்தி, நடுவில் தகட்டுக்கடை. தகட்டுக்கடையில் ஒரு நீலச் சீலையை விரித்து அதில் நேர்ச்சைத் தகடுகள் பரப்பி வைத்திருக்கும். யாருக்கு எங்கே நோவோ அந்த உறுப்பை வாங்கி, மாதா பாதத்தில் தொட்டு, பக்கத்திலே உள்ள சிவப்புத் துணியில் குத்திவிட்டு வர வேண்டும். கண், காது, கை, கால், வயிறு, இருதயம், பல்வரிசை. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குத் தொட்டில். வீடு, மாடு, வள்ளம். இப்போது புதிதாகக் கார் வந்திருக்கிறது, ஏரோப்ளேன் வந்திருக்கிறது. முந்தி கடையில் இருந்த கிழவி போய் அவள் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள், அதே நீலச் சீலைதானோ என்னவோ. இந்தக் கடை முன்னால்தான் கஸ்பார் ஒரு வருசம் ஒரு காதைப் பொறுக்கி எடுத்தான். உங்களுக்குக் காதுல என்ன என்று பிரகாசி பதறினாள். எனக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான், கல்யாணமான நாள்ல இருந்து நான் சொல்லுதது ஒண்ணும் உன் காதுல விழலையே, மாதாட்ட சொல்லிச் சரி பண்ணுதேன் என்றான். செலஸ்தி கீழே உட்கார்ந்து சிரித்தாள். அந்தக் காதை அவன் நிசமாகவே கொண்டு போய்க் குத்திவிட்டான். மாதா அவன் பேச்சைக் கேட்கவில்லை, நல்லவேளை. சிரித்துக்கொண்டே பிரகாசி தகடுகள் மேல் கண்ணை ஓடவிட்டாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு உள்ளது அங்கே இல்லை.

இல்லவே இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். எப்படி இருக்கும், அதை யார் அடிப்பார்கள், அடித்தாலும் தெருவில் பரப்பி வைக்க முடியுமா, வைத்தாலும் எந்தப் பொம்பளை வந்து எல்லார் முன்னாலும் அதை எடுப்பாள். வயிறு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை செபத்தில் திருவயிறு என்று கூட்டமாகச் சத்தம் போட்டுச் சொல்கிறோம், ஆம்பளைகளும் சொல்கிறார்கள், யாருக்கும் கூச்சம் இல்லை, அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை அப்புறம் எதைக் குடித்து வளர்ந்தது? இப்படி நினைப்பது பாவமோ என்று உடனே பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு முழு ஆள் உருவம் கிடந்தது, பொம்பளை, சீலை கட்டி கைகூப்பி. அதை எடுக்கலாம். அதற்குள்ளே எல்லாம் அடக்கம், மாதாவுக்குத் தெரியாதா. ஆனால் முழு ஆளை எடுத்தால் செலஸ்தி சும்மா விடுவாளா, என்ன மதினி, உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பழுதோ என்று கேட்பாள், கேட்டு முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். “என்னம்மா பாக்குறீங்க? கண்ணா, மூட்டா? மூட்டுவலின்னா காலுதான் எடுக்கணும்” என்றாள் கடைக்காரி. மூட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கால் வேறெங்கேயோ இருக்கிறதே, மாதா தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்? பக்கத்தில் உள்ளது எது. தோளுக்குத் தகடு கிடையாது. கை. கை அக்குளில்தானே போய் முடிகிறது. கையை எடுத்தால் கூச்சமில்லை, செலஸ்தியும் கேட்கமாட்டாள், தோள் பிடித்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லியாயிற்று, கையை மாதா பாதத்தில் தொடும்போது, அம்மா, இதுக்குக் கொஞ்சம் கீழே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பிரகாசி குனிந்து தகரக் கையை எடுத்தாள். விரல் எல்லாம் நீட்டின சின்னக் கை. குளிர்ந்து கிடந்தது.

அந்தக் குளிர் உள்ளங்கையில் பட்டதும்தான் மாமியின் கடைசி வருசம் நினைப்பில் வந்தது. இதே கடை, இதே போல் பனி, மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து நிற்கிறாள், பின்னால் சனம் நெருக்குகிறது, கஸ்பார், எம்மா, மாதா சாப்பிடப் போயிருவா, சீக்கிரம் எடு என்கிறான், மாமி தகடுகள் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், கடைசியில் ஒரு கையை எடுக்கிறாள். எதுக்கும்மா கை என்று செலஸ்தி கேட்கிறாள். வலிக்கி என்கிறாள் மாமி. வலிக்காமல் என்ன செய்யும், மருமகளைக் கரண்டியாலே அடிச்சு அடிச்சு வலிக்கி என்று கஸ்பார் சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள், பிரகாசியும் சிரிக்கிறாள், மாமியும்கூடச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது. ஏலம் கூறுகிற பொம்பளை, பெட்டி சுமக்கிற பொம்பளை, ஒருநாளும் கை வலிக்கிறது என்று வாயால் சொன்னதில்லை. கூடைச் சுமையை வலது இடுப்புக்கே மாற்றிக்கொண்டு நடந்தது, குளிக்கப் போனால் கதவைத் தாழிட்டுக்கொண்டது, இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டு படுத்தது, எல்லாம் கண் முன்னால் நடந்தது. மாமிக்குக் கை வலிக்கவே இல்லை. மாமியும் இங்கே வந்து தேடியிருக்கிறாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தேடியிருக்கிறாள், இல்லை, இருந்தாலும் எடுக்க முடியாது, பக்கத்தில் உள்ளது எதுவோ அதை எடுத்துக்கொண்டு மாதாவிடம் போயிருக்கிறாள். இதுக்குக் கொஞ்சம் கீழே என்று சொல்லியிருப்பாள். இத்தனை வருசம் அந்தக் கையை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே. பிரகாசி தகரக் கையை விடாமல் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். குளிர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அந்த வருசம் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் மாமிக்கு என்ன என்று தெரிந்தது. மாமியின் ரவிக்கையைத் துவைக்க எடுத்தபோது மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பின கறை, அதற்கு அடியில் வேறொரு வாசம். என்ன மாமி இது என்று கேட்டதற்கு, கொப்புளம், நீ சோலியைப் பாரு என்றாள். அதற்குப் பிறகு டாக்டர் பார்த்து, இனிமே எதுக்கு வந்தீங்க என்று கேட்டதும், மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதும், தவசு காலம் முடிவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. செலஸ்தி கட்டிக்கொடுத்த ஊரில் இருந்து நிறைவயிறோடு வந்து நின்றாள். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பிரகாசியின் கையைப் பிடித்து, ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் சொன்னாள்: கூடவே இருந்தியளே மதினி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதே இல்லை. எத்தனை சண்டை, எத்தனை திட்டு, கஸ்பாரின் வீட்டுப் பங்குக்குக்கூட வாய்ச்சண்டை வந்தது, அப்போதும் சொல்லவில்லை. ஆனால் பிரகாசிக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும், அடுப்படியில், தூக்கத்தில், பூசை நடுவில். கூடவே இருந்தியளே. ஒருத்தி ஒளித்துவைத்தால் கூட இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று தனக்குள்ளே பதில் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தேய்ந்து போயிற்று. இப்போது அதே சொல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வரப்போகிற மாசியோ பங்குனியோ, பிரகாசியைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, யாரோ ஒருத்தர், ஊர்க்காரியோ, மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கின மகனோ, செலஸ்தியைப் பார்த்துச் சொல்வார்கள். ஒரே சீட்டில் இருந்தியளே. ஒரே கம்பளிதானே. அதற்குப் பிறகு அந்த வாய் வெற்றிலை போடுமா, சண்டை போடுமா. அம்மாளும் கையை வாங்கினாள், மதினியும் கையை வாங்கினாள் என்று ஒருநாள் இதே கடையில் வந்து நின்று, இப்போது தனக்குத் தெரிந்த மாதிரி அவளுக்கும் தெரிந்தால்? சாவதைவிட இது பெரிய பயமாக இருந்தது. சாவு ஈயமணி மாதிரி கீழேதான் போகும். இது மேலே கிடந்து இன்னொருத்தியை இழுக்கும்.

“கையா? அப்பம் தோளு நிசமாவே நோவுதா?” என்று செலஸ்தி எட்டிப் பார்த்தாள். பிரகாசி தகரக் கையை நீலச் சீலையில், எடுத்த இடத்திலேயே வைத்தாள். “செலஸ்தி, உங்கம்மாளுக்குக் கை வலிக்கலட்டி.” செலஸ்தியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “இப்பம் என்னத்துக்கு அம்மா பேச்சு.” “இந்தக் கடையில அவங்களுக்கு உள்ளது இல்ல. அதான் கைய எடுத்தாங்க. எனக்கும் இல்ல.”  செலஸ்தியின் கையைப் பிடித்தாள். கம்பளிக்கு அடியில், சீலைக்கு அடியில் இழுத்து, அந்த இடத்தில் வைத்தாள். பனி மூடியிருந்தது, நாலு அடி தள்ளி நிற்பவர்களுக்கு இரண்டு கிழவிகள் குளிருக்கு ஒட்டி நிற்கிறார்கள் என்றுதான் தெரியும். செலஸ்தியின் விரல் போனது. நின்றது. தவசு காலத்தில் தன் கை நின்ற மாதிரியே நின்றது. பிரகாசி கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயோ மேலே சப்பரத்துக்குக் கொட்டு அடிக்கிறார்கள், சோளம் விற்கிறவன் கூவுகிறான், செலஸ்தியின் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

“எப்பம் இருந்து?” “தவசுல இருந்து.” “தவசுல இருந்தா.” அந்தக் குரல் மாமியின் குரல் மாதிரி இருந்தது, ஏலக் குரல் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த குரல். “இத்தனை மாசம் சொல்லாம, இங்க வந்து கைய வாங்கிக் குத்திட்டு இறங்கிரலாம்னு பாத்தியளோ? எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு இதான் புத்தியா? ஏன் மதினி, நான் என்ன செத்தா போனேன்?” “இப்பம் சொல்லுதேம்லா. கூட இருக்கது நீதானட்டி.” சொல்லிவிட்டுத்தான் பிரகாசிக்கு அது எந்தச் சொல் என்று தெரிந்தது. செலஸ்திக்கும் தெரிந்தது. முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள், வெற்றிலைச் சாறு கன்னத்தில் இழுபட்டது. “ஊர்ப் பஸ்ஸு அது பாட்டுக்குப் போவட்டும். திரும்பும்போது நீங்களும் நானும் மதுரையில எறங்குதோம். நம்ம ஊரு சிஸ்டரு ஒருத்தி அங்க பெரிய ஆஸ்பத்திரில இருக்கா.” “மாதாட்ட சொல்லணும்னு வந்தேன்.” “மாதாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க டாக்டர்ட்ட சொல்லுங்க.” “பொம்பள டாக்டரா இருக்குமா?” “ஆம்பளையா இருந்தா நான் அவன் கண்ணப் பொத்திக்கிடுதேன், போதுமா?” பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. கஸ்பார் செத்த பிறகு இந்த மலையில் முதல் தடவையாக வயிற்றிலிருந்து வந்தது. அழுகையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்கவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

“அம்மா, ஏதாச்சும் எடுக்கிறீங்களா, பின்னாடி ஆளு நிக்குது” என்றாள் கடைக்காரி. செலஸ்தி குனிந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தகடுகளைக் கிளறினாள். கையைத் தாண்டினாள், காலைத் தாண்டினாள், ஒரு காதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “யாருக்குமா காது?” என்று கடைக்காரி கேட்டாள். “எனக்குத்தான்” என்றாள் செலஸ்தி.  காதை வலது கைக்குள் மூடிக்கொண்டு, பிரகாசியின் இடது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாள். கோயில் படிக்கட்டில் சனம் கரைக்கு வந்த வள்ளங்கள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தது. செலஸ்தி முழங்கையை வெளியே நீட்டி, வள்ளம் வள்ளத்தில் மோதாமல் கம்பு கொடுத்துத் தள்ளிப் பிடிக்கிற மாதிரி, அந்தப் பக்கத்தில் ஒருத்தரையும் அண்டவிடாமல் ஏறினாள். “இடிக்காதீரும்வே, ஆளு நிக்கது தெரியலையா?” என்று ஒரு தொப்பைக்காரரை விரட்டினாள். பிரகாசி அவளை ஒட்டியபடியே நடந்தாள், இடது கையைக் கொஞ்சம் தளரவிட்டு. பனி முகத்தில் வந்து படிந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்காமலே நாக்கை நீட்டினாள். கண்ணீர் இறங்கி வந்திருந்ததோ என்னவோ, இந்தத் தடவை லேசாகக் கரித்தது.